பதினாலாம் நம்பர்

சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியின் கடையில் எல்லாப் பொருளுக்கும் மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். குழாய் ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டு, ஆகூஜா ஆம்ப்ளிஃபயர், டியூப் லைட் பட்டி, எதையும் விட்டுவைக்க மாட்டார். கொடை சீசனில் ஒரே ராத்திரி நாலு ஊரில் மைக் செட் கட்டி, விடிந்து இறக்கும்போது எந்தக் குழாய் யாருடையது என்று அடுத்த செட்டுக்காரனோடு தகராறு வரும். அதனால் ‘மு.புரம்’ என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, நம்பர். பதிமூன்று ஒரு பாக்ஸ் ஸ்பீக்கர். பதினைந்து ஒரு மைக் ஸ்டாண்டு. நடுவில் பதினாலு, ஒரு பேஸ் கிட்டார். அதன் முதுகில், கழுத்து வந்து சேரும் இடத்துக்குக் கீழே, அண்ணாச்சியின் கோணல் எழுத்தில் ‘மு.புரம் – 14’. அதற்கு வேறு பெயர் எதுவும் கிடையாது. தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னத் துளைகள்தான் இருந்தன.

நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில், ஊரை விட்டுத் தெற்கே வந்தால் முத்தையாபுரம். கிழக்கே உப்பளம், அதற்கு அப்பால் கடல். 1974இல் புதுத் துறைமுகம் வந்தது, 1975இல் ஸ்பிக்கில் உரம் தயாராகத் தொடங்கியது, 1979இல் தெர்மலின் முதல் யூனிட் ஓடியது. பனையும் உடைமரமும் உப்புப் பாத்தியுமாகக் கிடந்த இடத்தில் ஐந்தாறு வருஷத்துக்குள் வெளியூர்க்காரர்கள் வந்து நிறைந்தார்கள். வந்தவர்களில் தபேலா வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேசியோ வைத்திருந்த ஒருவர், எஸ்.பி.பி. குரலில் பாடுவதாகத் தானே சொல்லிக்கொண்ட ஒருவர். இப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் ஊர் மெல்லிசைக் குழு. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடந்த அம்மன் கோவில் கொடைகளில், மறுநாள் ராத்திரிக்குப் பாட்டுக் கச்சேரி என்று நோட்டீஸில் போட ஆரம்பித்த காலம்.

என் அண்ணன் அந்தக் குழுவில் சேரப் போனபோது எல்லா வாத்தியத்துக்கும் ஆள் இருந்தது. காங்கோவுக்கே ரெண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மிச்சம் இருந்தது பதினாலாம் நம்பர் மட்டும். அதை யாரும் கேட்காததற்குக் காரணம் எளிது: வாசித்தால் கேட்காது.

உண்மையிலேயே கேட்காது. எங்கள் கொடைகளில் கட்டியதெல்லாம் குழாய் ஸ்பீக்கர். பனைமரத்தில் கட்டினால் முள்ளக்காடு வரைக்கும் பாட்டு போகும். ஆனால் போவது மனுஷக் குரலும் நாதஸ்வரமும்தான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்தபடி மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. அடுத்த கம்பிகள் 55, 73, 98. குழாயோ இருநூறுக்குக் கீழே இறங்கும்போதே திணறும். அண்ணன் மேடையில் தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பான், கீழே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவன் விரல் அசைவது மட்டும் தெரியும். “ஒங்க அண்ணன் சும்மா தடவிக்கிட்டு நிக்கான்லே” என்று என் வகுப்புப் பையன்கள் கேலி செய்தார்கள். பிறகு அண்ணாச்சி ஒரு பெரிய கோன் ஸ்பீக்கர் வாங்கி, கப்பல் சாமான் வந்த பலகைப் பெட்டியைப் பிரித்து அதற்கு ஒரு பாக்ஸ் அடித்தார். அதுதான் பதிமூன்றாம் நம்பர். முதன்முதலாக அதில் அண்ணன் வாசித்த ராத்திரி, மேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். காதில் கேட்டதைவிடத் தரை வழியாக முதுகில் வந்ததுதான் அதிகம்.

வீட்டில் பழகும்போது ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அது வாடகைக்குப் போகும் சாமான். உள்ளே குடைவு இல்லாத கட்டை என்பதால் ப்ளக் போடாத பேஸ் கிட்டார் ஊமை. அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். கிட்டாரின் மேல் கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பான். எலும்பு வழியாகத் தலைக்குள் முழுச் சத்தமும் கேட்கும். எனக்கும் சொல்லிக்கொடுத்தான். நான் ஒரு படி மேலே போய்ப் பல்லை வைத்துக் கடித்துக் கேட்டேன். அந்தக் கொம்பில் இன்றும் ரெண்டு பல் தடம் இருக்கிறது. வாங்க வருகிறவர்களிடம் அண்ணாச்சி அதை ஏதோ கம்பெனி முத்திரை என்று சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அண்ணன் பழகியதெல்லாம் இளையராஜா பாட்டு. அதுவும் ‘மூடுபனி’, ‘நினைவெல்லாம் நித்யா’ கேசட்டுகள் தேய்ந்துபோகும் வரைக்கும். இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்ற பெயரை யாரோ சொல்லக் கேட்டு, எங்கள் வீட்டில் அவர் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் போலவே ஆகிவிட்டார். மற்ற இசையமைப்பாளர்களிடம் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலை மட்டும் செய்துகொண்டிருந்த பேஸ், இளையராஜாவிடம் தனியாக ஒரு பாட்டுப் பாடும் என்பதை நான் அண்ணனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். பாடகர் ஒரு பாதையில் போவார், கீழே இது வேறு பாதையில் போய் அவரைச் சரியான இடத்தில் சந்திக்கும். இன்றைக்கும் நான் சினிமாப் பாட்டைக் கீழிருந்து மேலாகத்தான் கேட்கிறேன்.

பதினாலாம் நம்பருக்கு ஒரு ரீங்காரம் உண்டு. ஆம்ப்ளிஃபயரில் சொருகியதும், வாசிக்காமலே ‘ம்ம்ம்’ என்று ஒரு ஓசை வரும். “தெர்மல் பக்கத்துல இருக்கில்லா, கரண்டு நேரா இதுக்குள்ள பாயுது” என்பார் அண்ணாச்சி. விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் சரிதான். ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றிலும் ஓடும் மின்சாரத்தின் 50 அதிர்வையும் அதன் இரட்டிப்பான நூறையும் பிடித்துக்கொள்ளும். அண்ணனிடம் சுருதிக் குழல் கிடையாது. நாலு கம்பியில் மெல்லிசான ஜி கம்பியை அந்த ரீங்காரத்தோடு சேர்த்துவிட்டு, மற்ற மூன்றையும் அதிலிருந்து பிடிப்பான். ஜி கம்பிக்கு உரியது 98. ரீங்காரமோ 100. அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். கேசியோக்காரருக்கும் அண்ணனுக்கும் இதில் ஓயாத சண்டை. வேடிக்கை என்னவென்றால், சில நாள் சாயங்காலம் சண்டையே வராது, அச்சாகச் சேரும். அந்தக் காலத்தில் தென்னாட்டு மின்கட்டத்தில் தேவைக்கு வேண்டிய மின்சாரம் இல்லை. விளக்கெல்லாம் எரியத் தொடங்கும் நேரத்தில் அதிர்வு ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பது பக்கம் இறங்கிவிடும். இறங்கினால் ரீங்காரம் 98. ஊர் உறங்கி, சுமை குறைந்து, நடுராத்திரிக்குப் பிறகு மறுபடி சுருதி விலகும். கச்சேரி முன்பாதி நன்றாகவும் பின்பாதி மோசமாகவும் இருந்ததற்குப் பாடகரின் தொண்டையைக் காரணம் சொன்னார்கள், பாவம்.

கம்பி இன்னொரு பாடு. உப்புக் காற்றில் ரெண்டே மாசத்தில் கம்பி செத்துவிடும்; தட்டினால் ‘தொப்’ என்று விழும். புதுக் கம்பி தூத்துக்குடியில் கிடைக்காது. மெட்ராஸில் மவுண்ட் ரோட்டில், 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கலுக்கு யாராவது போனால் சொல்லிவிட வேண்டும். அதுவரை பழைய கம்பியையே கழற்றி, சோடா உப்புப் போட்டு வேகவைப்போம். தடித்த கம்பியின் சுற்றுக்குள் ஏறியிருக்கும் எண்ணெயும் அழுக்கும் கொதியில் வெளியே வந்துவிடும், ஒரு வாரத்துக்குப் பழைய மினுக்கம் திரும்பும். அம்மா எங்களுக்கென்று ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டியை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். “கொழம்புக் கரண்டிய அதுல விட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் ராத்திரி சோறு கெடையாது” என்பது அதோடு வந்த நிபந்தனை.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அண்ணாச்சி ஆளுக்கொரு கதை சொல்வார். அண்ணனிடம் சொன்னது, கொழும்புக்குப் போய்வரும் தோணியில் வந்தது என்று. சிலோனில் சுராங்கனி மனோகரன் மாதிரி பைலா, பொப் பாடுகிற கோஷ்டிகள் நிறைய இருந்தார்கள், அவர்களில் ஒருவன் விற்றது என்பார். கேசியோக்காரரிடம் சொன்னது, ஹார்பருக்கு வந்த கப்பலில் ஒரு மாலுமி ரெண்டு பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டான் என்று. என் அப்பாவிடம் சொன்னது மூன்றாவது: சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று, தட்டுமுட்டுச் சாமான்களோடு கொண்டுவந்து, கையில் காசில்லாமல் விற்றுவிட்டுப் போனது. மூன்றும் நடக்கக்கூடியவைதான். இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த அந்நாளில் எங்கள் கடற்கரைக்கு வெளிநாட்டுச் சாமான் வர இந்த மூன்று வழிதான் உண்டு. அண்ணாச்சி மூன்றையும் சொல்லிவைத்தால் ஒன்று சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் எந்த நாட்டுச் சரக்கு என்பதற்கு மூன்று கதையிலும் பதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளும் வெறி எனக்குத்தான் வந்தது. அண்ணனுக்கு வாசித்தால் போதும்.

ஒரு மழைக்காலம். உப்பு வாருவது நின்று, அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடிவிட்டு, ஊரே வேலையில்லாமல் இருக்கும் ஐப்பசி மாசம். கொடையும் கிடையாது. அண்ணாச்சி கடையில் பதினாலாம் நம்பரைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவானது. கழுத்து ஆடுகிறது என்பது வெளியில் சொன்ன காரணம். கடைத் திண்ணையில் ஆள் கூடிவிட்டது.

கழுத்தையும் உடலையும் சேர்க்கிற பின்பக்கத் தகட்டில்தான் பொதுவாக ஊர்ப் பெயர் அடித்திருப்பார்கள் என்றார் கேசியோக்காரர். திருப்பிப் பார்த்தால் அது லேத் பட்டறையில் வெட்டிய இரும்புத் தகடு. பழையது உப்பில் அரித்துப்போய் மாற்றியிருக்கிறார்கள். இருந்திருக்கக்கூடிய ஒரே எழுத்துச் சாட்சி அதோடு போயிற்று. கேசியோக்காரர் உடனே “கல்கத்தா” என்றார். கிவ்சன் கிட்டார்கள் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தன என்பதால் அவருக்கு கிட்டார் என்றாலே கல்கத்தா. தெர்மலில் ஃபோர்மனாக இருந்த இன்னொருவர் “ரஷ்யாச் சரக்கு, கனத்தப் பாத்தாலே தெரியுதே” என்றார்.

ரஷ்யாவை அண்ணாச்சியே தள்ளிவிட்டார். அவர் ரேடியோ ரிப்பேரில் தொடங்கியவர். சோவியத் கிட்டார்களிலும் கிழக்கு ஜெர்மனிக் கிட்டார்களிலும் பெரும்பாலும் பழைய டேப் ரிக்கார்டரில் வருகிற ஐந்து முள் சாக்கெட் இருக்கும். இதில் இருந்தது மைக்குக்குச் சொருகும் கால் அங்குல ஜாக். “ரஷ்யாக்காரன் வெலையவும் சாமான்லயே அடிச்சிருவான். இதுல ஒண்ணும் இல்ல” என்று முடித்தார்.

கழுத்தை எடுத்ததும் உடலில் ஒரு பள்ளம். அங்கே பெயிண்ட் ஏறவில்லை. தோணி வேலை பார்க்கும் ஆசாரி ஒருவர் திண்ணையில் இருந்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது கட்டையே இல்லலா. ப்ளைவுட்டு. எண்ணிக்கோ” என்றார். பலகைத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிவரியாகத் தெரிந்தன. வெளியே பார்த்தால் ஒரே மரத்தில் குடைந்த மாதிரி, நடுவில் தேன் நிறம், ஓரம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்த ஓரக் கறுப்பு அழகுக்கு மட்டுமல்ல, அடுக்கு வெளியே தெரியாமல் மறைப்பதற்கும்தான். நடு அடுக்கு சிவந்த, லேசான மரம். நம்மூர் மரம் இல்லை என்றார் ஆசாரி. குங்கிலிய மரத்தின் ஒன்றுவிட்ட சொந்தமான லுவான் அது என்பதும், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிலிப்பைன்ஸ் காடுகளிலிருந்து கட்டை கட்டையாக ஜப்பானுக்குப் போய் ப்ளைவுட் ஆன மரம் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

பள்ளத்தின் அடியில் பென்சிலால் ரெண்டு கோடு, ஒன்றின்மேல் ஒன்றாக. ஆசாரி, அளவுக்கு இழுத்த கோடு என்றார். அப்போது அந்த வழியாகச் சைக்கிளில் போன, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரை நிறுத்திக் காட்டினோம். அவர் பார்த்த உடனே “ரெண்டு” என்றார். ஜப்பானில் ரெண்டு அப்படித்தான் எழுதுவான், கடைசி கோடு நீளமாக இருக்கும். திண்ணையில் ஒரே சந்தோஷம். சைக்கிளில் ஏறி மிதிக்கப் போனவர் திரும்பி, “சீனாக்காரனும் அப்டித்தாம்லே எழுதுவான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுத்துக்கு உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி ஓர் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்துவந்து, கம்பி இல்லாத வெறும் கழுத்தின் நெடுக ஓட்டினார். நடுவில் லேசாக இழுத்தது. உள்ளே கெட்டியாகப் பதித்த இரும்புச் சட்டம். ஆனால் முறுக்கித் திருத்துவதற்குத் திருகு எதுவும் இல்லை. விலை மலிவான சரக்கு. பிறகு லேத் பட்டறைக்காரர் இரும்பு ஸ்கேலை வைத்து, கம்பி ஏறும் இடத்திலிருந்து பன்னிரண்டாம் கட்டை வரை அளந்தார். சரியாகக் கம்பியின் பாதி அது, பதினைந்து அங்குலம். அப்படியானால் முழு நீளம் முப்பது. 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் கிட்டாரின் நீளம் முப்பத்து நாலு. அந்த நாலு அங்குலம்தான் என் அண்ணனைப் போலக் குட்டை விரல்காரர்களைக் காப்பாற்றியது. முதல் கட்டைக்கு முன்னால், எண்ணில் சேராத இன்னொரு கட்டையும் இருந்தது. அதன்மேல் கம்பி உட்கார்ந்து வந்தால், தலைப்பக்கம் துல்லியமாகச் செதுக்க வேண்டிய வேலை மிச்சம். தொழிற்சாலையில் வேகமாகச் செய்து தள்ளுவதற்கு ஏற்ற வழி.

கடைசியாக, கோடு கோடாய் மினுங்கும் அலுமினியத் தகட்டைத் திருகு கழற்றித் தூக்கினார்கள். இதற்குத்தான் நான் காத்திருந்தேன். ஏனென்றால் பிக்கப் இரண்டிலும் வெள்ளித் தகட்டின் துளைகள் வழியே தங்க ரேக்கு தெரியும். உண்மைத் தங்கம் என்று எங்கள் தெருப் பையன்கள் சத்தியம் செய்வார்கள். உள்ளே இருந்தது தங்க நிறத் தாள், அதற்கு அடியில் செம்புச் சுருள், ரப்பர் போல வளையும் ஒரு காந்தப் பட்டை. பையன்கள் கலைந்துவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வால்யூம் கன்ட்ரோலின் முதுகைப் பார்த்தார். ‘500’ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏ’ என்று இருந்தது. அதோடு ஒட்டியிருந்த கண்டன்சரைப் பார்த்தார். கடைக்குள் போய்ப் பழைய பேழையைக் கிளறி, பிரித்துப்போட்ட ஒரு ஜப்பான் டிரான்சிஸ்டரின் உள்பாகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே எழுத்து, அதே கண்டன்சர், ஈயம் வைத்த கையும் ஒன்றுதானோ என்று தோன்றும்.

“ஜப்பான்” என்றார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாடு தெரிந்தது. கம்பெனி தெரியவில்லை. அதற்கு ஆன காலத்தில் அண்ணன் தெர்மலில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, வாசிப்பதையும் விட்டுவிட்டான். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். பழைய வாத்தியங்களைச் செப்பனிடும் ஒருவரின் பட்டறைக்கு, ஊரிலிருந்து எடுத்துவந்த போட்டோக்களோடு போய் உட்கார்ந்தேன். அலுமினியத் தகட்டையும் தங்கத் தாள் பிக்கப்பையும் பார்த்ததுமே அவர் டெய்ஸ்கோ என்றார். 1946இல் தோக்கியோவில் தொடங்கிய கம்பெனி. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபின் அந்த நாட்டுப் பையன்கள் எல்லோருக்கும் கிட்டார் வேண்டியிருந்தது. ஃபெண்டரும் கிப்சனும் அவர்கள் கைக்கு எட்டாத விலை. ஜப்பானியத் தொழிற்சாலைகள் அந்தப் பள்ளத்தை நிரப்பின. 1967இல் பியானோ செய்யும் கவாய் கம்பெனி டெய்ஸ்கோவை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சரக்கில் எது டெய்ஸ்கோ வேலை, எது கவாய் வேலை என்று பிரிப்பது கஷ்டம் என்றார். நம்முடையது அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது, அறுபதுகளின் கடைசி.

“அப்ப மேல என்ன பேர் இருந்திருக்கும்?” என்று கேட்டேன்.

அவர் துளை ரெண்டையும் போட்டோவில் பென்சிலால் தொட்டுக் காட்டினார். தொழிற்சாலையிலிருந்து போகும்போது அங்கே பெயர் இருந்திருக்கவே தேவையில்லை என்றார். வாங்கும் வியாபாரி யாரோ, அவர் சொல்கிற பெயர்ப்பட்டை அதில் ஏறும். ஒரே கிட்டார் ஒரு வியாபாரியிடம் டெய்ஸ்கோ டெல் ரே, இன்னொருவரிடம் கிங்ஸ்டன், சியர்ஸ் கடைக்குப் போனால் சில்வர்டோன், இங்கிலாந்தில் உல்வொர்த் கடையில் ஆடிஷன். பட்டை ஒட்டாமலே விற்றதும் உண்டு. துளைகளுக்கு நடுவில் உள்ள தூரம், பட்டை மறைத்திருந்த இடத்தில் வார்னிஷ் வெளுக்காமல் விட்டுப்போன நிழலின் வடிவம், இவற்றை வைத்து எந்த வியாபாரியின் பட்டை என்று சில சமயம் சொல்லலாம். நம்முடையதில் அந்த நிழலும் இல்லை. யாரோ தலையை மட்டும் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றம் வரவில்லை. உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் மகனுக்கு இது புரியாமல் போகுமா? எங்கள் பாத்தியில் வாரிய உப்பு பெயரில்லாமல்தான் லாரி ஏறும். மேலே போய் அரைத்து, அயோடின் சேர்த்து, பாக்கெட்டில் அடைக்கும்போது அதற்குப் பெயர் வைப்பார்கள். ஒரே அம்பாரத்து உப்பு ரெண்டு பெயரில், ரெண்டு விலையில் திரும்பி எங்கள் தெருக் கடைக்கே வந்ததை அப்பா சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறார். ப்ரூக்ளினிலும் சிகாகோவிலும் இருந்த வியாபாரிகள் செய்ததைத்தான், மஞ்சள் பெயிண்டும் பிரஷும் வைத்துக்கொண்டு, எங்கள் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியும் செய்திருக்கிறார். அந்த வகையில் பார்த்தால் ‘மு.புரம்’ என்பது கிங்ஸ்டனுக்கோ சில்வர்டோனுக்கோ எந்த விதத்திலும் குறைந்த பிராண்டு அல்ல. ஒரே ஒரு கிட்டார் மட்டும் விற்ற பிராண்டு.

பட்டறைக்காரர் இன்னொன்றும் சொன்னார். ரை கூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் தன் ஃபெண்டரில் ஒரு டெய்ஸ்கோ தங்கத் தாள் பிக்கப்பைப் பொருத்தி வாசிக்கப் போய், அன்றைக்குக் குப்பையில் போட்ட சாமான்களை இன்றைக்கு ஆட்கள் தேடி அலைகிறார்களாம். முழுக் கிட்டாரையும் உடைத்து பிக்கப்பை மட்டும் எடுத்து விற்கிறவர்கள் உண்டாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ப்ளைவுட் என்றாலும், முறுக்குத் திருகு இல்லாவிட்டாலும், இருபது வருஷ உப்புக் காற்றில் கழுத்து வளையாமல் நின்ற பொருள் அது. அதைச் செய்த ரெண்டாம் நம்பர் தொழிலாளிக்குத் தன் வேலை தெரிந்திருக்கிறது.

அன்று ராத்திரியே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, சவுண்ட் சர்வீஸை மகன் பார்க்கிறார். டெய்ஸ்கோ, கவாய், பீட்டில்ஸ், பெயர்ப்பட்டை எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

“நாந்தான் அன்னிக்கே ஜப்பான்னு சொன்னேன்லா” என்றார்.

பிக்கப்புக்கு இப்போது நல்ல விலை என்பதையும் சொன்னேன்.

“அதக் கழட்டிக் குடுத்துட்டு? கோயில் கொயர்ப் பயலுவோ ஞாயித்துக்கெழமையானா வந்து எடுத்துட்டுப் போறானுவோ. பனிமய மாதா திருவிழாவுக்கு வேற வாசிக்கணும்ங்கானுவோ. ஆகஸ்ட் அஞ்சுக்கு எத்தன நாள் இருக்கு? ஜி கம்பிக்கு உள்ள கீ நிக்க மாட்டேங்கு, சுத்துனா வழுக்குது. ஒங்க பட்டறைக்காரர்ட்ட பழசு ஒண்ணு கெடக்கான்னு கேளு தம்பி. செட்டா வேண்டாம், ஒண்ணு போதும். எடது கைப் பக்கம் திரும்புறதா பாத்து வாங்கு.”